எதிராக விழுந்த ஒரே ஓட்டு

முப்பத்தைந்து பேர் உட்காரும் அந்த மாநில செனட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. ஆனால் புத்தகத்தில் இருக்கும் விதிகளைவிட அதைத்தான் அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். புதிதாக வந்த உறுப்பினர் தன் முதல் மசோதாவை அவையில் எடுத்துப் பேசும் நாளில் அவரைப் படாத பாடு படுத்துவார்கள். கிறுக்குத்தனமான கேள்விகள் கேட்பார்கள். அதைவிடக் கிறுக்கான திருத்தங்கள் கொண்டுவருவார்கள். கடைசியில் பெயர் கூப்பிட்டு ஓட்டெடுக்கும்போது, மற்ற முப்பத்துநாலு பேரும் ஒருவர் விடாமல் “இல்லை” என்பார்கள். புது ஆளின் முகத்தில் ஈயாடாது. அப்புறம், முடிவை அறிவிக்கும் முன், “யாராவது ஓட்டை மாத்திக்கணுமா?” என்று அவைத் தலைவர் கேட்பார். உடனே ஒவ்வொருவராக எழுந்து “ஆம்” என்று மாற்றிச் சொல்வார்கள், கை தட்டுவார்கள். அன்று மதியம் புது ஆள் செலவில் எல்லோருக்கும் கேரமல் ரோல், சர்க்கரைப் பாகில் ஊறிய சுருள் ரொட்டி.

இதில் கட்சி வித்தியாசம் பார்ப்பதில்லை. வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள் என்பதாலோ என்னவோ, இந்த ஒன்றை மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். புது ஆளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பு. தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்களுக்கு அங்கே நாலு பேரையாவது தெரிந்திருக்கும், எப்படியும் காதில் விழுந்துவிடும். ஆர்டித் ஸ்டென்லண்ட் அப்படி வந்தவள் அல்ல.

மேற்குக் கோடியில் இருக்கிறது அவளுடைய மாவட்டம். மனிதர்களை எண்ணினால் ஆயிரத்து எழுநூறு பேர் தேறுவார்கள். மாடுகளை யாரும் எண்ணியதில்லை. அந்த மாவட்டத்துக்கு இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் ஓட்டுகிற வண்டி. ஆர்டித்தின் கணவன் மெர்ல் டிரைவர். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் இரண்டே பேர்: ஆர்டித், அப்புறம் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் டார்லா. ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு ஆம்புலன்சிலும் டிரைவர் போக, பயிற்சி பெற்ற இரண்டு பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று புது விதி வந்தது. இரண்டு பேர் இல்லாமல் வண்டி கொட்டகையை விட்டு நகர்ந்தால் உரிமம் போய்விடும்.

அவர்கள் பகுதி செனட்டர் அதே ஜனவரியில் குளிர் தாங்காமல் பதவியை விட்டுவிட்டுத் தெற்கே போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆளுநர் ஒருவரை நியமிக்க வேண்டும். மூன்று பேரைக் கேட்டார்கள், மூன்று பேரும் கன்று போடும் பருவம் என்று கையை விரித்தார்கள். நாலாவதாக ஆர்டித்தைக் கேட்டார்கள். இந்த விதியை மாற்றியாக வேண்டும் என்று அவள் ஒத்துக்கொண்டாள். தலைநகரம் முந்நூறு மைல். அவள் கிளம்பிப் போனதும் ஊரில் மிஞ்சியது டார்லா ஒருத்திதான். ஆம்புலன்சைக் காப்பாற்றப் போனவளாலேயே ஆம்புலன்ஸ் நின்றுபோயிற்று. இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளை அதிகம் அரித்தது.

ஐம்பத்தெட்டு வயதில் அவள் விதிப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தாள். தங்கியிருந்த அறையில், சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில் என்று எங்கும் புத்தகமும் கையுமாக இருந்தாள். அவளுடைய மசோதா சின்னது. ஜனத்தொகை குறைந்த மாவட்டங்களில் பயிற்சி பெற்ற ஒருவரும் ஒரு டிரைவரும் இருந்தால் போதும், அவ்வளவுதான். கீழவையான பிரதிநிதிகள் சபையில் வேறொருவர் அதைக் கொண்டுவந்தார். அங்கே குழுவில், ஐயாயிரம் பேருக்குக் கீழ் என்றிருந்ததை மூவாயிரமாகக் குறைத்தார்கள். நகரத்து உறுப்பினர்கள் மூன்று மணி நேரம் வாதாடியபின், நாலே ஓட்டு வித்தியாசத்தில் பிழைத்து செனட்டுக்கு வந்தது. செனட்டில் அதைக் கையிலேந்திப் பேசும் பொறுப்பு ஆர்டித்துக்கு.

அது கூட்டத்தொடரின் கடைசி நாள். பிரதிநிதிகள் சபை காலையிலேயே கலைந்து, பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். செனட்டில் மசோதாவின் ஒரு வார்த்தை மாறினாலும் அது மறுபடி அந்தச் சபைக்குப் போக வேண்டும், அங்கே எடுத்துப் பார்க்க ஆள் கிடையாது. வந்தபடியே நிறைவேறினால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த ஜனவரி வரை வண்டி கொட்டகையில்தான்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலி வெர்ன் ஹாஸ்கலுடையது. மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். இருபத்திரண்டு வருட செனட்டர், எதிர்க்கட்சி. முதல் நாளே அவள் மேசையில் ஒரு பிடி பெப்பர்மின்ட்டை வைத்துவிட்டு, “பட்ஜெட் பேசறப்ப தூக்கம் வரும், ஒண்ணு போட்டுக்கங்க” என்றவர். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அன்று காலை உறுப்பினர்கள் காபி குடிக்கும் அறையில், “இன்னிக்கு ஆர்டித்தோட முறை. எல்லாரும் ‘இல்லை’. மறந்துடாதீங்க” என்று ஒவ்வொருவர் காதிலும் போட்டு வைத்ததும் அவர்தான்.

பத்தரைக்கு மசோதா எடுக்கப்பட்டது. ஆர்டித் எழுந்து மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவைத் தலைவர் கோர்மன், “கேள்விகள் உண்டா?” என்றார். ஏழு கைகள் எழும்பின.

“சைரன் சத்தம் எந்த சுருதியில இருக்கணும்னு மசோதாவுல ஒண்ணுமே இல்லையே?” என்றார் ஒருவர்.

“அது... அது இந்த மசோதாவுல வராதுங்க,” என்றாள் ஆர்டித்.

“நோயாளி டிரைவரவிட நல்லா ஓட்டுவார்னா, யாரு ஓட்டறது?”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆர்டித் சிரிக்கவில்லை. “நோயாளி படுத்திருப்பாருங்க,” என்று மட்டும் சொன்னாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அடுத்தது திருத்தம். பிரவிட் என்ற செனட்டர், தலைநகரத்துப் பல் டாக்டர், எழுதிக் கொண்டுவந்த தாளைப் பெரிய மனுஷத் தோரணையில் படித்தார். ஒவ்வொரு ஆம்புலன்சிலும் நோயாளியின் சொந்தக்காரர்களுக்காகச் சூடான காபியும் குறைந்தது ஆறு கேரமல் ரோலும் இருக்க வேண்டும். உலர்திராட்சை போட்டதா, போடாததா என்பதை மாவட்டமே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆர்டித்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். இவர்கள் விளையாடினாலும் சரி, நிஜமாகச் சொன்னாலும் சரி, திருத்தம் நிறைவேறிவிட்டால் கதை முடிந்தது.

“தலைவர் அவர்களே,” என்று எழுந்தாள். “தயவுசெஞ்சு இதுல எதையும் மாத்தாதீங்க. ரோல்தான் வேணும்னா நான் வீட்டுல சுட்டுக் கொண்டாந்து குடுக்கறேன். மசோதாவுல மட்டும் வேணாம்.”

பிரவிட் பரம திருப்தியோடு, “அப்படின்னா என் திருத்தத்த வாபஸ் வாங்கிக்கறேன்” என்று உட்கார்ந்தார். மேசைகளைத் தட்டினார்கள். ஆர்டித்துக்கு உயிர் வந்தது. ஆனால் ஒன்றும் புரியவில்லை.

கடைசியாக ஹாஸ்கல் எழுந்தார். முழங்கால் வலி அவருக்கு. எழுவதற்கே அரை நிமிடம் ஆகும். ஏலக் குரலை எடுத்துக்கொண்டு, “மாண்புமிகு உறுப்பினர்கிட்ட ஒரு சந்தேகம்,” என்றார். “மாடு ஏத்தற டிரக்குக்கு நாம ஏகப்பட்ட சட்டம் போட்டு வச்சிருக்கோம். தரையில வைக்கோல் போடணும், காத்து வரணும்னு. இந்த வண்டியில போற மனுஷனுக்கு அந்த வசதியாவது உண்டா?”

அவை குலுங்கியது. சிரிப்பு ஓய்ந்ததும் ஆர்டித் பேசினாள்.

“போன செவ்வாய்க்கிழமை எங்க ஊருல ஓட்டோன்னு ஒருத்தர் விழுந்துட்டார்,” என்றாள். “எழுபத்தாறு வயசு. தபால் போடறவரா இருந்தவர். வாசல்ல பனிக்கட்டி வழுக்கி இடுப்பெலும்பு போச்சு. டார்லா ஓடி வந்தா. என் வீட்டுக்காரரும் வந்தார். ஆம்புலன்சு நூறு அடி தூரத்துல நிக்குது, எடுக்க முடியல. ரெண்டாவது ஆள் நான். நான் இங்க இருந்தேன். கடைசியில பக்கத்துப் பண்ணையோட மாட்டு டிரக்குல ஏத்தினாங்க. ஆஸ்பத்திரிக்கு அறுபத்திநாலு மைல். பின்னால, குதிரைக்குப் போத்தற கம்பளியப் போட்டு டார்லா அவரப் புடிச்சிட்டே போனா. ஆள் பொழச்சிட்டார். நீங்க கேட்டீங்களே, வைக்கோல் இருந்துச்சுங்க. அந்த வழியெல்லாம் அவரு போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்குன்னு டார்லா சொல்றா.”

அவள் உட்கார்ந்தாள். ஹாஸ்கல் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம், உட்கார வேண்டும் என்பது நினைவு வந்தவர் போல உட்கார்ந்தார். முப்பத்துநாலு பேரில் ஒருவருக்கும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தைரியமில்லை.

அந்த இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, விளையாட்டு போதும் என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். ஆனால் நல்ல மனிதர்கள் கூட்டமாக இருக்கும்போது அதை இன்னொருவர் செய்வார் என்று காத்திருப்பார்கள். கோர்மன், “வேற யாரும் பேசலன்னா... பேரைக் கூப்பிடுங்க” என்றார்.

செயலாளர் ஐரின் எழுந்தாள். முப்பது வருடமாக அந்த அவையின் பெயர்களைக் கூப்பிடுகிறவள். இந்த வழக்கத்தை அறவே பிடிக்காதவள்.

முதல் பெயர் ஆபெர்க். எண்பத்தொரு வயது. பேச்சுகளின்போது காதுக்கருவியை அணைத்து வைப்பது அவர் பழக்கம். செவ்வாய்க்கிழமையும் டிரக்கும் அவர் காதில் விழவே இல்லை. காலையில் சொல்லி வைத்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

“இல்லை,” என்றார் உற்சாகமாக.

அடுத்தது இரண்டாவது ஆள். முதல் ஆள் சொல்லிவிட்டார், வழக்கத்தை உடைத்தவன் என்ற பெயர் நமக்கு எதற்கு, எப்படியும் கடைசியில் மாற்றத்தானே போகிறோம் என்று அவர் மனதில் ஓடியிருக்கும். “இல்லை,” என்றார். மூன்றாவது ஆளும் அதையே சொன்னார். சிரிப்பும் இல்லை, கண் சிமிட்டலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் போல ஒவ்வொருவரும் குனிந்த தலை நிமிராமல் “இல்லை” என்றார்கள். நாலு ஏக்கருக்குக் கேட்கும் ஹாஸ்கலின் குரல் அவருடைய சட்டைப் பொத்தானைத் தாண்டவில்லை. ‘முடிஞ்ச உடனே மொதல் ஆளா எழுந்து மாத்திடணும்’ என்று அவர் நாற்காலியின் கையை இப்போதே இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆர்டித்துக்கு அந்தக் குரல் கேட்டது. பெப்பர்மின்ட் கொடுத்த மனிதன். அவ்வளவு சொன்ன பிறகும் இல்லை என்கிறார். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் ஆம்புலன்சில் பதினோரு வருடம் போனவள் அழுகையைத் தள்ளிப்போடப் பழகியிருந்தாள். ரத்தத்தைப் பார்த்துக் கலங்கினால் ஆகாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. அவள் மடியில் விதிப் புத்தகத்தைத் திறந்தாள். விதி நாற்பத்தொன்று அவளுக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் விரலை வைத்துப் படித்தாள். தோற்றுப்போன மசோதாவை அன்றைக்கே மறுபடி எடுக்கச் சொல்லலாம். ஆனால் அப்படிக் கேட்கும் உரிமை, ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவருக்கு மட்டும்தான்.

இருபத்தெட்டாவதாக அவள் பெயர் வந்தது. “ஆம்,” என்றாள். அதன்பின் ஏழு பேர் “இல்லை” என்றார்கள்.

“யாராவது ஓட்டை மாத்திக்கணுமா?” என்று கோர்மன் அவசர அவசரமாகக் கேட்டார்.

ஹாஸ்கல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தார். அவர் பாதி எழுவதற்குள் ஆர்டித் நின்றுவிட்டாள்.

“ஸ்டென்லண்ட். என் ஓட்டை ‘ஆம்’லேருந்து ‘இல்லை’க்கு மாத்தறேன்.”

ஐரினின் பேனா அந்தரத்தில் நின்றது.

“இல்லையா?” என்றார் கோர்மன்.

“இல்லை. ஜெயிச்ச பக்கத்துல நானும் இருக்கேன் இப்ப. விதி நாப்பத்தொண்ணு. நீங்க முடிவச் சொன்ன உடனே, மறுபடி எடுக்கச் சொல்லி நான் கேப்பேன். மறுபடியும் தோத்தா...” அவள் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். “மறுபடியும் தோத்தா அப்புறம் யோசிக்கிறேன்.”

முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து எதிர்ப்பு. அந்த அவையின் வரலாற்றில் இப்படியொரு கூத்து நடந்ததில்லை. பிறகு ஹாஸ்கல், “கடவுளே, என்ன காரியம் பண்ணிட்டோம்” என்று முனகிக்கொண்டு முழுசாக எழுந்து, நிஜமான ஏலக் குரலில் கத்தினார்: “ஹாஸ்கல். ‘இல்லை’லேருந்து ‘ஆம்’.”

அவ்வளவுதான், அணை உடைந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பிரவிட், அவருக்குப் பின்னால் ஆறு பேர், பின்வரிசை முழுக்க என்று ஒருவர் பெயர்மேல் இன்னொருவர் பெயர் ஏறி விழ, ஐரின் ஒவ்வொருவராகச் சொல்லும்படி அதட்டி அதட்டி எழுதிக்கொண்டாள். ஆபெர்க்கைத் தட்டி எழுப்பி மாற்றச் சொன்னார்கள். யாரும் கை தட்டவில்லை.

ஆர்டித் திருதிருவென்று விழித்தாள். ஹாஸ்கல் அவள் பக்கம் குனிந்தார். “விளையாட்டும்மா. மொதல் மசோதாவுக்கு எல்லாருக்கும் பண்றதுதான். எனக்கும் பண்ணாங்க. கடைசியில எல்லாரும் மாத்திருவோம். நீங்க அந்தக் கதைய சொன்னதும் நிறுத்தியிருக்கணும். எனக்குத் துப்பில்ல.” அவர் காது மடல் சிவந்திருந்தது.

ஆர்டித்துக்கு அறைய வேண்டும் போல இருந்தது. அதே நேரம், இவர்கள் யாரும் தன்னை எதிர்க்கவில்லை என்ற எண்ணம் சூடான காபி போல உள்ளே இறங்கியது. “எனக்குக் கோவம் இருக்கு,” என்றாள். “அதை அப்புறமா வச்சிக்கறேன்.” எழுந்து, “தலைவர் அவர்களே, ஸ்டென்லண்ட், ‘இல்லை’லேருந்து...” என்று தொடங்கினாள்.

“முடியாது,” என்றாள் ஐரின். “விதி முப்பத்தெட்டு. ஒரு உறுப்பினர் ஒரு தடவதான் மாத்தலாம். நீங்க மாத்தியாச்சு.”

ஆர்டித்துக்கு அந்த விதியும் மனப்பாடம். வாயை மூடிக்கொண்டாள்.

விதியைத் தள்ளி வைக்கலாமே என்று பிரவிட் குதித்தார். அதற்கு எத்தனை ஓட்டு வேண்டும் என்று இன்னொருவர். எழுத்து மூலமாகத் தர வேண்டுமா என்று வேறொருவர். ஐந்து பேர் ஒரே நேரத்தில் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

“இப்படியே விட்டா பாஸ் ஆகுமா?” என்று ஆர்டித் உரக்கக் கேட்டாள்.

கோர்மன் ஐரினைப் பார்த்தார். “முப்பத்துநாலு ஆதரவு, ஒண்ணு எதிர்ப்பு,” என்றாள் ஐரின். “ஆகும்.”

“அப்ப அறிவிங்க. வண்டி கொட்டகையில நிக்குது.”

கோர்மன் சுத்தியலைத் தட்டினார். மசோதா நிறைவேறியது. அப்போதுதான் கை தட்டினார்கள், நின்றுகொண்டு, ரொம்ப நேரம். ஆர்டித் அந்தச் சத்தத்துக்கு நடுவில், தள்ளிப்போட்டிருந்த அழுகையை அழுது முடித்தாள்.

கேரமல் ரோலுக்கு ஹாஸ்கல்தான் காசு கொடுத்தார். மசோதாவை ஆளுநரிடம் கொண்டுபோவது வழக்கமாக ஒரு குமாஸ்தாவின் வேலை. அன்று அதையும் விடாமல், ஒவ்வொரு படியாக முழங்காலைத் திட்டிக்கொண்டே இரண்டு மாடி இறங்கி, ஆளுநரின் அறை வாசலில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்து, கையெழுத்தான தாளோடு அவர் திரும்பி வந்தார். அவையின் பதிவேட்டில் நடந்ததை விளக்கி ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பதாகவும், பழியைத் தன் பெயரிலேயே போடுவதாகவும் சொன்னார்.

“வேணாம்,” என்றாள் ஆர்டித். “ஓட்டு ஓட்டுதான். ஆனா அடுத்த வருஷம் யாருக்காவது இதப் பண்ணீங்க, உங்களத்தான் மாட்டு டிரக்குல ஏத்துவேன்.”

“வைக்கோல் போடுவீங்களா?” என்று கேட்டார் ஹாஸ்கல். அவள் அவரை முறைத்தாள். முறைப்பு பாதியில் சிரிப்பாகிவிட்டது. இந்த மடையர்களை வெறுக்க அவளால் முடியவில்லை, எவ்வளவோ முயன்று பார்த்தும்.

கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருந்த டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே மெர்ல் எடுத்தான்.

“ஆச்சா?”

“ஆச்சு. கையெழுத்தும் ஆச்சு.”

“எப்பலேருந்து செல்லும்?”

“இப்பலேருந்து. கையெழுத்து போட்ட நிமிஷத்துலேருந்து.”

மெர்ல் அதிகம் பேசாதவன். நேரே விஷயத்துக்கு வந்தான். “எதிர்த்தவங்க எத்தன பேரு? ஆஸ்பத்திரிலேருந்து ஓட்டோ காலைலேருந்து மூணு தடவ போன் போட்டுட்டாரு. எவன் எவன் எதிர்த்தான்னு பேரோட வேணுமாம்.”

“ஒருத்தர்தான்.”

“யாரு அந்தப் படுபாவி?”

“நான்தான்.”

“லைன் சரியில்ல ஆர்டித். யாருன்ன?”

“லைன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் எதிர்த்தேன். நான் ஒருத்திதான்.”

“ஓட்டோகிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்று மெர்ல் கவலையோடு கேட்டான். ஆர்டித் கூண்டுக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். முதலிலிருந்து சொல்கிறேன் கேள் என்று ஆபெர்க்கில் தொடங்கினாள். பாதி வந்திருப்பாள், அந்தப் பக்கம் வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. யாரோ கத்தினார்கள். டார்லாவின் குரல்.

“யாருக்கு? என்ன ஆச்சு?” என்றாள் ஆர்டித்.

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம், பூட்ஸ் கால்கள் ஓடும் சத்தம், கதவு அடித்துக்கொள்ளும் சத்தம். முப்பத்தாறு வருடத்தில் மெர்ல் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் பேச்சை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், முந்நூறு மைலுக்கு அப்பால், ஆளில்லாத அவள் சமையலறை வழியாக, சைரன் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை அவள் கூண்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.